ஒரு வாரம் வருவா, ஒரு வாரம் வரமாட்டா: மூணாங்கிளாஸ் பாப்பா ஒருத்தியோட ஜூன் மாசம்

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவால இருக்கற ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிங்க எங்களுது. ஈராசிரியர் பள்ளி. ஒண்ணு ரெண்டு மூணு என்கிட்ட, நாலும் அஞ்சும் ஹெச்எம் சார்கிட்ட. கல்வி உரிமைச் சட்டத்துல தொடக்கப்பள்ளிக்கு 60 புள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர்னுதான் இருக்குது, அதனால எங்களுக்கு மூணாவது ஆளு வரப்போறதில்ல, அதைப் பத்தி பேசியும் பிரயோஜனமில்ல. ஊரைச் சுத்தி தறிக்குடோனு. சாதா தறி ஓடுன எடத்துல எல்லாம் ஆட்டோலூம் வந்துருச்சு, அதை ஓட்ட ஒடிசா, பீகார்ல இருந்து ஆளுங்க வந்து லைன் வீட்ல குடும்பத்தோட இருக்காங்க. மார்ச்சுல அட்மிஷனுக்கு வீடு வீடா போறப்ப முன்னாடியெல்லாம் தோட்டத்துச் சாளைக்குப் போவோம், இப்ப லைன் வீட்டுக்குத்தான் எச்சாப் போறோம்.

2024 ஜூன்ல எங்ககிட்ட சேர்ந்த ஒரு பாப்பாவைப் பத்தித்தான் இதை எழுதறேன். பேரு போடல, அடையாளம் தெரியற சில சங்கதிகளையும் மாத்தியிருக்கேன். இது ஏதோ சாதிச்ச கதைன்னு நெனைக்காதீங்க. புது வருஷம் ஆரம்பிக்கறப்ப ஒரு புள்ளை ஏன் ஒட்டமாட்டேங்குதுன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவோமில்ல, அந்தக் காரணம் எங்க இருந்துச்சுன்னு தேடுனதுதான் விஷயம்.

சேர்த்த விதம்

அந்த வருஷம் ஸ்கூலு 6ந்தேதி தொறக்கறதா இருந்து வெயிலுன்னு தள்ளிப்போயி ஜூன் 10 திங்கக்கிழமை தொறந்தாங்க. அன்னைக்கே அவங்கப்பா கூட்டிட்டு வந்துட்டாரு. ஒடிசாவுல கஞ்சம் ஜில்லாக்காரரு. அந்த ஜில்லாவுல இருந்து சூரத்துக்குத் தறி ஓட்டப் போறவங்க ரொம்ப ஜாஸ்தி, இவரும் அங்க இருந்துட்டுத்தான் இங்க வந்திருக்காரு. தமிழ் தறிக்கு வேணும்கற அளவுக்கு மட்டும் தெரியும், நூல் அறுந்துருச்சு, பாவு தீந்துருச்சு, ஓட்டு, நிறுத்து, அவ்வளவுதான். கையில ஆதார் அட்டை, அதுல போட்டிருந்த தேதிப்படி பாப்பாவுக்கு எட்டு வயசு. ஊர்ல ஒண்ணாங்கிளாஸ் படிச்சிருக்குதுன்னு சொன்னாரு. டிசி இல்ல.

டிசி இல்லாட்டி என்னங்க, சேர்த்துத்தான் ஆகணும். டிசி வர லேட் ஆகுதுன்னு அட்மிஷனைத் தள்ளக்கூடாது, வயசுக்கு சர்ட்டிபிகேட் இல்லைன்னும் திருப்பி அனுப்பக்கூடாது, ரெண்டும் சட்டத்துலயே இருக்குது. நம்ம மாநிலத்துக்குள்ள மாறி வர்ற புள்ளைன்னா அதோட எமிஸ் நம்பரை, அதாவது கவர்மென்ட்டோட மாணவர் பதிவுத் தளத்துல இருக்கற நம்பரை, பழைய ஸ்கூல்ல இருந்து காமன் பூலுங்கற பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிடணும், அப்பறம்தான் நாம எடுக்க முடியும். தேனிப் பக்கமிருந்து வந்த ஒரு பையனுக்கு அந்தப் பழைய ஸ்கூல்ல தள்ளிவிடாம நாங்க போன் மேல போன் போட்டுக் கெஞ்சுனோம், ஒடிசாப் பாப்பாவுக்கு புது நம்பரா போட்டதால அன்னைக்கே முடிஞ்சுது. பக்கத்து ஜில்லா தூரமாவும் ஒடிசா பக்கமாவும் ஆயிருச்சு பாருங்க.

எந்தக் கிளாஸ்ல போடறதுங்கறதுலதான் ஹெச்எம் சாருக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். "ஏனுங்க டீச்சர், ஒரு வார்த்தை தமிழ் தெரியாத புள்ளைய மூணாவதுல போட்டு என்ன பண்றது, ஒண்ணாவதுல போட்டா அடியில இருந்து வந்துரும்ல"ன்னாரு. அவரு கெட்டதுக்குச் சொல்லல, அவரு அனுபவத்துல சொல்றாரு. ஆனா நம்ம ஒண்ணாங்கிளாஸ்ல இருக்கறது அஞ்சு முடிஞ்ச சின்னதுங்க, அதுங்க நடுவுல எட்டு வயசுப் புள்ளை தலை ஒசந்து உக்காந்திருந்தா அதுக்கு எப்படி இருக்கும்? அஞ்சாவது முடிக்கறப்ப வயசுக்கு வந்துரும், அப்பறம் ஆறாவதுக்கு வேற ஊருக்கு அனுப்புவாங்களா? சட்டமும் வயசுக்கேத்த கிளாஸ்ல போடு, விட்டதுக்குத் தனியா பயிற்சி குடுன்னுதான் சொல்லுது. நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. "சார், எண்ணும் எழுத்தும் வந்த பொறவு என் ரூம்ல யாரு எந்தக் கிளாஸ்னு பார்த்தா உக்கார வெக்கறேன்? ரெஜிஸ்டர்ல மூணாவதுன்னு இருக்கட்டும், தமிழுக்கு அரும்புல உக்காரட்டும்."

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. 2022ல இருந்து ஒண்ணு டு மூணுக்கு எண்ணும் எழுத்தும்கற கவர்மென்ட் திட்டம்தான், அடுத்த வருஷமே நாலு அஞ்சுக்கும் வந்துருச்சு. புள்ளைங்க எந்த நிலையில இருக்குதுன்னு பார்த்து கீழ இருந்து மேல அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சுக்குவோம், ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியா. ஒரே புள்ளை தமிழ்ல அரும்பு, கணக்குல மலர்னு இருக்கலாம். இந்த மாதிரி கேஸுக்கு இது எவ்வளவு ஒத்தாசைன்னு ஆபீஸ்ல இருந்து வர்ற சர்க்குலர்ல யாரும் எழுதறதில்ல, கிளாஸ்ல நின்னாத்தான் தெரியும். சார் சம்மதிச்சுட்டாரு.

மொத வாரம்

மொத வாரம் அஞ்சு நாளும் வந்தா. வாயே தொறக்கல. பீகார்ப் பையன் ஒருத்தன் ரெண்டாவதுல இருக்கான், நல்லா தமிழ் பேசுவான், சத்துணவு அக்கா அவனைக் கூட்டிட்டு வந்து "உங்க பாஷையில கேளுடா"ன்னாங்க. அவன் இந்தியில கேட்டான், இவ முழிச்சா. வடக்க இருந்து வந்தா எல்லாரும் ஒரே பாஷைதான்னு நம்மூர்ல ஒரு நெனப்பு, ஒடியா வேற இந்தி வேறன்னு சொன்னா "ஓ அப்படிங்களா"ன்னு ஆச்சரியமா கேக்கறாங்க.

காலையில உப்புமா போட்டா வட்டலைத் தள்ளிவெச்சுட்டு உக்காந்திருந்தா, புதங்கிழமை பொங்கல் அன்னைக்கு மட்டும் தொடச்சுத் தின்னுட்டா. மத்தியானம் முட்டையை வாங்கி பாவாடைல முடிஞ்சு வெச்சுக்குவா, திங்கமாட்டா. வீட்டுக்குக் கொண்டுபோறான்னு தெரிஞ்சுது, யாருக்குன்னு அப்ப கேக்க வழியில்ல. இந்த முட்டை சங்கதி பின்னாடி வரும்.

தண்ணியும் குடிக்கல. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது, ஒண்ணுக்குப் போகணும்னு எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம தண்ணியே குடிக்காம இருந்திருக்கா. அதனால நான் மொதமொதல்ல சொல்லிக்குடுத்த பாடம் சுண்டுவெரல காட்டறது. அ, ஆ எல்லாம் பொறவு. மொத வாரம் புக்கு குடுக்கணும், நோட்டு குடுக்கணும், யூனிபார்ம் ஒரு செட்டு குடுக்கணும், எல்லாத்தையும் செல்போன் ஆப்புல ஏத்தணும்னு ஓடிட்டே இருப்போம், அந்த அவசரத்துல கக்கூஸு எங்க இருக்குதுன்னு புதுப் புள்ளைங்களுக்குக் காட்டற வேலை எந்தப் படிவத்துலயும் இல்லாததால விட்டுப்போயிருது. அஞ்சாங்கிளாஸ் பொம்பளப்புள்ளை ஒண்ணை இதுக்குன்னே போட்டுட்டேன், இப்ப வருஷாவருஷம் அப்படித்தான்.

ஆரம்ப மதிப்பீடு போட்டோம். தமிழ் அரும்பு, இங்கிலீஷ் அரும்பு, கணக்கும் அரும்பு. கணக்குக்குக் கேள்வி எல்லாம் நான் தமிழ்ல கேக்கறேன், அவ பதில் சொல்லல, அரும்புன்னு விழுந்துருச்சு. எனக்கு அது உறுத்திட்டே இருந்துச்சு, ஏன்னா சிலேட்டுல அவ பேரை அவளே எழுதுனா, ஒடியா எழுத்துல, மேல குடை புடிச்ச மாதிரி வட்டவட்டமா, அழிச்சு அழிச்சு நேர் பண்ணி எழுதுனா. எழுத்துன்னா என்னன்னு தெரிஞ்ச புள்ளைங்க அது.

நடுவுல ஒரு வாரம் வராம இருந்துட்டு மறுபடி வந்தப்ப புளியங்கொட்டையைக் கொட்டி ரெண்டு குமியா வெச்சு கையால மட்டும் சைகை காட்டுனேன், ரெண்டையும் சேரு. உதடு மட்டும் அசைஞ்சுது, கிட்டப் போயி கேட்டா ஏக, துயி, தினி, சாரி, பாஞ்சன்னு எண்ணிட்டிருக்கா. வெரல் கணுவுல கட்டைவெரலை வெச்சு வெச்சு எண்ணறா. பலகையில 27, 15ன்னு மேலயும் கீழயும் எழுதி கூட்டல் குறி போட்டேன். ஒண்ணு மேல ஏத்தி 42ன்னு போட்டுட்டு என் மூஞ்சியைப் பார்த்தா. நம்ம ரெண்டாங்கிளாஸ்ல பாதிப்பேரு 312ன்னு போடுவாங்க. அன்னைக்கே கணக்குல மொட்டுக்கு மாத்திட்டேன். தமிழ்ல கேட்டு கணக்கு எவ்வளவு தெரியும்னு பார்த்தா தெரியறது தமிழ் எவ்வளவு தெரியும்ங்கறதுதான், வேற மாநிலத்துப் புள்ளை வந்தா மொதல்ல எழுதிக்காட்டிக் கேக்கறதுதான் சரி.

லீவு

ரெண்டாவது வாரம் திங்கக்கிழமை 17ந்தேதி பக்ரீத் லீவு. செவ்வாயில இருந்து வெள்ளி வரைக்கும் பாப்பா வரல. மூணாவது வாரம் பூரா வந்தா, புளியங்கொட்டைக் கணக்கு அப்பத்தான். ஜூலை மொத வாரம் மறுபடி ஆளைக் காணோம்.

ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. சத்துணவு அக்கா, "பாஷை தெரியாம பயந்துக்குதுங்க டீச்சர்." எஸ்எம்சி, அதாவது பள்ளி மேலாண்மைக் குழு மீட்டிங்ல ஒரு அம்மா, "வடக்கத்தியாளுங்க அப்படித்தானுங்க, நெனைச்சா அனுப்புவாங்க, நெனைச்சா ஊருக்குப் போயிருவாங்க." ஹெச்எம் சார் நேராச் சொல்லலைன்னாலும் ஒண்ணாவதுல போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதுன்னு மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு.

பயமா இருந்தா ஒரு நாள் வருவா ரெண்டு நாள் நிப்பா, இப்படி வந்தா அஞ்சு நாளும் வர்றது, நின்னா மொத்தமா நிக்கறதுன்னு இருக்குமா? இப்ப வருகை ஆப்புல அன்னன்னைக்குப் போட்டுட்டு மூடிர்றோம், அதனால நீளவாக்குல பார்க்கற பழக்கமே போயிருச்சு. வருகைப் பதிவேட்டை எடுத்து அவ வரிசையில வெரலை வெச்சு இழுத்துட்டே போனேன். ஒரு வாரம் வந்திருக்கா, ஒரு வாரம் இல்ல, மறுபடி ஒரு வாரம் வந்திருக்கா, மறுபடி இல்ல. தறி ஊர்ல பொறந்தவளுக்கு இதைப் பார்த்தா வேற என்ன தோணும், ஷிப்ட்டு. எங்கப்பாவும் சாதா தறி ஓட்டுனவருதான், வாரம் பகல் வாரம் நைட்டுன்னு மாத்தி மாத்திப் போவாரு, அவரு நைட் ஷிப்ட் வாரத்துல பகல்ல நாங்க சத்தமே போடக்கூடாது.

அடுத்த வாரம் சொல்லிவெச்ச மாதிரி பாப்பா வந்துட்டா. அன்னைக்கு ஸ்கூல் விட்டதும் அவகூடவே லைன் வீட்டுக்குப் போனேன். ஒத்தை ரூமு, முன்னால திண்ணை மாதிரி ரெண்டடி. அப்பா தூங்கி எந்திரிச்சு பல்லு வெளக்கிட்டு இருக்காரு, ராத்திரி எட்டு மணி ஷிப்ட்டுக்கு. அவரு கால்ல தொங்கிட்டு ஒரு பொடியன், ரெண்டு ரெண்டரை வயசு இருக்கும். பாப்பா பாவாடைல இருந்து முட்டையை எடுத்து உரிச்சு அவனுக்கு ஊட்டறா.

கேக்கவே வேண்டியதில்ல, இருந்தாலும் கேட்டேன். பக்கத்து வீட்ல பிட்டர் ஒருத்தரு, தறி ரிப்பேர் பார்க்கறவரு, சூரத்துல இருந்தவரு, இந்தி பேசுவாரு, அவரை வெச்சுக் கேட்டேன். அம்மா அதே கம்பெனியில துணி செக்கிங், தெனமும் காலையில எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டு, ஒன்றரை ஷிப்ட்டு, அவங்களுக்கு வாரம் மாறாது. அப்பாவுக்கு மட்டும் பன்னெண்டு மணி நேர ஷிப்ட்டு வாரத்துக்கு வாரம் மாறும். அவருக்கு நைட்டுன்னா பகல்ல வீட்ல கெடப்பாரு, பொடியன் அவருகூட. அவருக்குப் பகல்னா பொடியனைப் பார்க்க வீட்ல ஆளில்ல. அப்ப பாப்பாதான் ஆளு. எட்டு வயசுல.

அவருக்கு ஸ்கூலு மேல கோவமில்ல, பாஷை மேல பயமில்ல, அசட்டையும் இல்ல. "அடுத்த வருஷம் பையன் பெருசாயிருவான், அப்ப தெனம் அனுப்பறேன்"ன்னாரு. பிட்டர் அதைச் சொல்றப்பவே சிரிச்சாரு, அவருக்கே தெரியுது அடுத்த வருஷம்னா என்னன்னு.

அங்கன்வாடி

எங்க ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ளயே அங்கன்வாடி இருக்குது. ரெண்டு வயசு முடிஞ்சா சேர்த்துக்கலாம். இத்தனை நாளா அந்தக் குடும்பத்துக்கு அது என்னன்னே தெரியல, பெயின்ட் அடிச்ச சின்ன கட்டடம், அதுல குட்டிப் புள்ளைங்க இருக்குதுங்க, ஊர்க்காரங்களுக்கு மட்டும்னு நெனைச்சிருக்காங்க. அங்கன்வாடி டீச்சருக்கும் தயக்கம். "பாஷை தெரியாத கொழந்தைங்க, ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருகிட்ட போய்ச் சொல்றதுங்க"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான். அக்கா பக்கத்து ரூம்லயே இருக்கா, நானும் இருக்கேன், அம்மா போன் நம்பர் இந்தாங்கன்னு குடுத்தோம். ஜூலை 15 வாரம் அவருக்குப் பகல் ஷிப்ட்டு, அதாவது பாப்பா வராத வாரம். அந்தத் திங்கக்கிழமை ரெண்டும் கையைப் புடிச்சுட்டு வந்துதுங்க.

அதோட சரியாயிருச்சுன்னு எழுதுனா பொய்யாயிரும். பொடியன் காலையில இருந்து கத்துனான், கத்தற சத்தம் கேட்டா பாப்பா எந்திரிச்சு ஓடிருவா, கூப்பிட்டா வரமாட்டா. பேருக்கு ஸ்கூலுக்கு வந்தா, உக்காந்ததெல்லாம் அங்கன்வாடில. வருகைப் பதிவேட்ல ப்ரெசென்ட், கிளாஸ்ல ஆளில்ல, இது லீவை விட மோசமில்லையான்னு ஹெச்எம் சார் கேட்டாரு. அவ இடத்தை அங்கன்வாடி ஜன்னலுக்கு நேரா தாவாரத்துல மாத்திப்போட்டோம், வெயில் வராத பக்கம், மொட்டுக் குரூப்பையே அங்க கொண்டுபோயிட்டேன். அவனுக்கு அக்கா தெரியறா, அக்காவுக்கு அவன் தெரியறான். கொஞ்சம் கொஞ்சமா ஓட்டம் கொறஞ்சுது. ஒரு நாள் அவன் கத்துனப்ப இவ இருந்த எடத்துல இருந்தே ஒடியாவுல ஒரு அதட்டுப் போட்டா, அவன் கப்புன்னு நிறுத்திட்டான். கிளாஸே சிரிச்சுது. அவ கொரல் அவ்வளவு பெருசுன்னு அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

தமிழ் வந்த கதையைச் சுருக்கமாச் சொல்றேன். நான் சொல்லிக்குடுத்து வந்ததை விட விளையாட்டுல வந்ததுதான் எச்சு. ஆடி மாசம் நம்மூர்ல தூரி கட்டி ஆடுவாங்கல்ல, ஆடி நோம்பிக்கு வேப்பமரத்துல கயித்தைக் கட்டி விட்டோம், அன்னைக்கு வரிசையில நிக்காம மொதல்ல ஏறுனது இவதான். அவங்க ஊர்ல ஜூன் நடுவுல ரஜ பண்டிகைன்னு ஒண்ணு, மூணு நாளு பொம்பளப்புள்ளைங்க புதுத்துணி போட்டுட்டு தூரி ஆடுறதுதான் வேலையே. நின்னுட்டு ரெண்டு பேரா ஆடறது எப்படின்னு நம்ம புள்ளைங்களுக்கு இவதான் காட்டுனா. அதுக்கப்பறம் "தள்ளு", "போதும்", "என்ற டர்ன்", "எறங்குடி" எல்லாம் தன்னால வந்துருச்சு, "எறங்குடி"யை மட்டும் என்கிட்டயும் சொல்லிட்டா, அதைத் திருத்த வேண்டியதாப் போச்சு. இன்னொண்ணு, ள, ண ரெண்டும் ஒடியாவுல இருக்குது, அதனால பள்ளி, கண்ணுன்னு சுத்தமா சொல்லுவா, பீகார்ப் பையனுக்கு அது இன்னும் வரல. ழ தகராறுதான், வாழைப்பழம்னு சொல்லச் சொன்னா சிரிச்சுட்டு ஓடிருவா.

காலாண்டுப் பரீட்சை சமயத்துல நெலவரம் இது. கணக்கு மலர். தமிழ்ல ரெண்டெழுத்து மூணெழுத்து வார்த்தை படிப்பா, வாக்கியம் இன்னும் திக்கும், அரும்புல இருந்து மொட்டுக்கு மாத்தலாமா வேண்டாமான்னு நடுவுல. இங்கிலீஷ் அங்கயேதான். ஆகஸ்ட், செப்டம்பர்ல ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்கற லீவு இல்லவே இல்ல. உடம்பு சரியில்லாம நின்ன நாளு மட்டும்தான். முட்டையை அவளே திங்கறா, பொடியனுக்கு அங்கன்வாடில தனியா கெடைக்குதுல்ல.

சரியாகாததும் இருக்குது. சாயந்தரம் ஸ்கூல் விட்ட பொறவு ராத்திரி எட்டு வரைக்கும் பொடியன் அவ பொறுப்புதான், அப்பாவுக்குப் பகல் ஷிப்ட்டு வாரத்துல அந்த நாலு மணி நேரம் லைன் வீட்ல ரெண்டு குழந்தைங்க தனியா இருக்குதுங்க. பிட்டர் வீட்டு அக்கா ஒரு பார்வை பார்த்துக்கறாங்க. கம்பெனியில போயி அம்மாவை ஒரு ஷிப்ட்டோட விடுங்கன்னு ஹெச்எம் சார் கேட்டுப் பார்த்தாரு, அரை ஷிப்ட் காசு போயிரும்னு அந்தம்மாவே வேண்டாம்னுட்டாங்க. அதுக்கு மேல நாங்க என்ன பேசறது.

இதுல இருந்து நாங்க செஞ்ச ஒரே மாத்தம், அட்மிஷன் நோட்டுல, எமிஸ்ல இல்லைங்க, எங்க சொந்த நோட்டுல, கூட மூணு கட்டம் போட்டுட்டோம். அப்பா ஷிப்ட்டு, அம்மா ஷிப்ட்டு, வீட்ல அஞ்சு வயசுக்குக் கீழ யாராச்சும் இருக்காங்களா. 2025 ஜூன் 2ந்தேதி தொறந்தப்ப இதைக் கேட்டுத்தான் சேர்த்தோம். உள்ளூர்க்காரங்க சிலருக்குக் கோவம், "எங்க ஷிப்ட்டு உங்களுக்கு எதுக்குங்க டீச்சர்"ன்னு. பனியன் கம்பெனிக்குப் போற உள்ளூர் வீட்லயும் இதே கதை இருக்குதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது, அவங்களுக்குப் பார்த்துக்க அமுச்சியோ அப்பத்தாவோ இருக்காங்க, அதனால ரெஜிஸ்டர்ல தெரியறதில்ல.

பாப்பா நாலாவது போனா, ஹெச்எம் சார் ரூமுக்கு. அப்பறம் அவங்கப்பா குடோன் மாறி சோமனூர் தாண்டிப் போறதாச் சொல்லி டிசி கேட்டு வந்துட்டாரு. இந்தத் தடவை எமிஸ் நம்பர் இருக்குது, அன்னைக்கே காமன் பூலுக்குத் தள்ளிவிட்டோம். டிசிகூட ஒரு வெள்ளைத்தாள்ல எந்தப் பாடத்துல எந்த நிலைன்னு எழுதி, பின்பக்கம் தம்பியைப் பத்தி நாலு வரி எழுதி பின் அடிச்சுக் குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு அந்த ஸ்கூல் ஹெச்எம் மேடம் போன் பண்ணாங்க.

"ஏனுங்க டீச்சர், மார்க்கெல்லாம் புரிஞ்சுதுங்க. பின்னால தம்பி, ஷிப்ட்டுன்னு என்னமோ எழுதியிருக்கீங்களே, அது எதுக்குங்க?"

சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "இங்க அங்கன்வாடி ஸ்கூலுக்குள்ள இல்லீங்களே, மெயின் ரோட்டைத் தாண்டி ஊருக்குள்ள இருக்குது"ன்னாங்க. காலையில ரோட்டைத் தாட்டிவிட யாரு இருக்காங்கன்னு ரெண்டு பேரும் யோசிச்சுட்டு இருந்தோம், அவங்க சத்துணவு அமைப்பாளரு வீடு அந்தப் பக்கம்தானாம்.